அந்தத் துணியை யார் துவைப்பது?

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் சரி, கார் பார்க்கிங்கின் பின்பக்கம், மோட்டார் ரூமை ஒட்டி ஓடும் பைப்பின் மேல் நாலைந்து துணிகள் தொங்கிக்கொண்டிருக்கும். பழைய பனியன், கிழிந்த டர்க்கி டவலில் பாதி, நைட்டியின் ஒரு கை, சிக்னலில் விற்கிறார்களே அந்த மஞ்சள் துணி. இவற்றின் ஒரிஜினல் கலர் என்ன என்று கண்டுபிடிக்க தொல்லியல் துறையைத்தான் கூப்பிட வேண்டும். காய்ந்த பிறகு தொட்டுப் பாருங்கள், அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். எட்டு லட்சம், பத்து லட்சம் கொடுத்து வாங்கிய காரைத் தினமும் காலையில் முதலில் தொடுவது இந்தத் துணிதான்.

கார் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மைலேஜ், ஏர்பேக், சன்ரூஃப் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எப்போதாவது ‘உங்கள் கார் பளபளக்க’ என்று டிப்ஸ் வரும். அதில் துடைக்கும் துணியைத் துவைப்பது பற்றியும் நாலு வரி இருக்கும். மைக்ரோஃபைபர் துணியைப் பருத்தித் துணியோடு சேர்த்துப் போடாதீர்கள், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம், இழைகளின் மேல் படலமாகப் படிந்து துணி தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும். அதிகச் சூட்டில் உலர்த்தாதீர்கள், அது பாலியஸ்டர், இழை கெட்டு முரடாகிவிடும். சக்கரம் துடைத்த துணியையும் பாடி துடைத்த துணியையும் ஒன்றாக ஊறப்போடாதீர்கள்.

எல்லாம் உண்மை. ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் இது யாருக்குச் சொல்லப்படுகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை அரை டிராயர் போட்டுக்கொண்டு, வீட்டு வாசலில் தன் காரைத் தானே கழுவுகிற மனிதர்கள் இருக்கிற தேசங்களில் எழுதப்பட்ட டிப்ஸ் இது. நம் ஊரில் கார் வைத்திருப்பவர் அந்தத் துணியைத் தொட்டதே கிடையாது. தொட்டிருப்பவர் இந்த டிப்ஸ் வருகிற பத்திரிகையை வாங்குவதில்லை. அவர் விடியற்காலை ஐந்து மணிக்கு சைக்கிளில் வருவார். எட்டு மணிக்குள் பதினைந்து, பதினாறு கார்களைத் துடைத்துவிட்டு இன்னொரு வேலைக்கு ஓடுவார். அவர் கையில் ஒரு பக்கெட், இரண்டு துணி.

அப்படிப்பட்ட ஒருவரிடம் கேட்டேன். துணியை எங்கே துவைக்கிறீர்கள்?

“வூட்டாண்டதான் சார். இங்க கொழாய்ல கைய வச்சா வாட்ச்மேன் கத்துவாரு. சம்சாரம் தொவச்சிப் போட்ரும்.”

எவ்வளவு தண்ணீர் ஆகும்?

“ரெண்டு கொடம் ஆவும். அதுக்குதான் டெய்லி சண்ட. புள்ளைங்க துணி தொவைக்கற பக்கெட்ல இத்தப் போடாதன்னு கத்தும். தனி பக்கெட்டுக்கு எங்க சார் போறது?”

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் இதற்குள் ஒரு முழுக் கணக்கு வழக்கு இருக்கிறது.

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் இண்டைரக்ட் மெட்டீரியலுக்கு உதாரணம் கேட்டால், ‘லூப்ரிகேட்டிங் ஆயில், காட்டன் வேஸ்ட்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். காட்டன் வேஸ்ட் என்பது வேறொன்றும் இல்லை, மெஷின் துடைக்கிற பஞ்சு, நூல் கழிவு. அதாவது, ஒரு தொழிற்சாலையில் எண்ணெய்க் கையைத் துடைத்துப் போடுகிற சமாச்சாரத்துக்குக்கூடக் கணக்கில் ஓர் இடம் உண்டு. ஓவர்ஹெட் என்று எழுதி, விற்கும் பொருளின் விலையில் சேர்த்துவிடுவார்கள். முதலாளி எவ்வளவு கஞ்சனாக இருந்தாலும் தொழிலாளியைப் பார்த்து, “துடைக்கிற பஞ்சை உன் வீட்டிலிருந்து கொண்டு வா, சாயங்காலம் உன் பெண்டாட்டியிடம் கொடுத்துத் துவைத்து எடுத்துக்கொண்டு வா” என்று சொல்வதில்லை.

நாம் சொல்கிறோம். வாயைத் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். காருக்குக் கடன் தவணை, இன்ஷூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ், ஃபாஸ்டேக் என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் கணக்கு இருக்கிறது. டாஷ்போர்டில் வைக்கிற பிள்ளையாருக்கும் அடியில் ஒட்டுகிற டேப்புக்கும்கூடச் செலவு செய்கிறோம். துணிக்கும் அதைத் துவைக்கிற சோப்புக்கும் தண்ணீருக்கும் மட்டும் கணக்கில் வரி கிடையாது. வரி இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தமல்ல. அது வேறு யாரோ ஒருவர் கணக்கில் எழுதப்படுகிறது என்று அர்த்தம். இந்த விஷயத்தில் அந்த இன்னொருவர் யார் என்றால், தெருக்குழாயில் அடித்தோ லாரியில் பிடித்தோ குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வருகிற ஒரு பெண். அவருக்குக் கார் இல்லை. நம் காரை அவர் பார்த்ததுகூட இல்லை.

உடனே ஒருவர் எழுந்து நிற்பார். “மாசம் பொறந்தா 600 ரூபாய் வாங்கறான்ல சார், அதுல துணியும் சோப்பும் வாங்க வேண்டியதுதானே? சலூன்ல போய் உட்கார்ந்தா துண்டு நாமளா கொண்டு போறோம்?”

நல்ல கேள்வி. சலூன்காரருக்குக் கடை இருக்கிறது. குழாய் இருக்கிறது. கொடி கட்ட மொட்டை மாடி இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சுவரில் அவர் எழுதி மாட்டியிருக்கிற விலைப்பட்டியல் இருக்கிறது. துண்டு துவைக்கிற செலவு கட்டிங் ரேட்டுக்குள் அடக்கம். கார் துடைப்பவர் விலைப்பட்டியல் மாட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய கூலியை முடிவு செய்வது அவரல்ல, அசோசியேஷன். ‘இந்த பில்டிங்கில் காருக்கு இவ்வளவுதான், இஷ்டமிருந்தா வா’ என்று சொல்கிற இடத்தில் நின்றுகொண்டு, ‘செலவையெல்லாம் உன் விலையில் சேர்த்துக்கொள்’ என்று உபதேசம் செய்வது எந்த ஊர் வியாபார தர்மம்?

அசோசியேஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு குடியிருப்பின் கூட்டத்தில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். கார் துடைப்பவர்களுக்குப் பின்பக்கம் ஒரு குழாயும் சின்னதாக ஒரு துவைக்கிற கல்லும் போட்டுக் கொடுக்கலாம் என்று ரிட்டயர்டு வங்கி அதிகாரி ஒருவர் சொன்னார். பெரியவர், மரியாதையாகத்தான் சொன்னார். செக்ரட்டரி உடனே, “சார், இன்னிக்குக் குழாய் கொடுத்தா நாளைக்குக் குளிக்க ஆரம்பிப்பாங்க” என்றார். இன்னொரு அம்மாள், “பார்க்கிங்ல அழுக்குத் துணி தொங்கினா வர்றவங்க என்ன நினைப்பாங்க?” என்றார். சிரிப்பு. அடுத்த அஜெண்டா போய்விட்டார்கள். சுவரில் ‘இங்கே துணி துவைக்கவோ உலர்த்தவோ கூடாது’ என்று போர்டு வந்ததுதான் மிச்சம். போர்டு எழுதிய பெயிண்டருக்குப் பணம் கொடுத்தது அசோசியேஷன். அதற்கு மட்டும் பட்ஜெட் இருந்திருக்கிறது.

நமக்கு இது புதுசு இல்லை. நம் அழுக்கை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போய் நம் கண்ணில் படாத இடத்தில் துவைத்து வர வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஏற்பாடு செய்து வைத்திருந்த சமூகம் இது. அதற்கென்று ஒரு ஜாதியையே ஒதுக்கி வைத்தோம். ஆனாலும் இன்று தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்கு உருப்படிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு உண்டு. ஒரு சட்டை குறைந்தால் நாம் கேட்கலாம், பத்து ரூபாய் குறைந்தால் அவர் கேட்கலாம். கார் துணிக்கு அந்த உருப்படிக் கணக்குகூட இல்லை.

சரி, மனிதாபிமானம் எல்லாம் பேசினால் கொட்டாவி வருகிறது என்கிறவர்களுக்காக, காரின் பக்கத்திலிருந்தே பேசுவோம்.

காரின் மேல் படிந்திருப்பது வெறும் தூசி இல்லை. அதில் மணல் துகள் இருக்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், கண்ணாடியில் கீறல் போடுகிற அளவுக்குக் கடினமானது. உங்கள் காரின் பளபளப்புக்குக் காரணமான கிளியர் கோட் எனப்படும் மேல் பூச்சு ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான், அதாவது தலைமுடியின் பருமன்கூடத் தேறாது. முதல் காரைத் துடைத்த துணியைப் பக்கெட்டில் முக்கி எடுத்து இரண்டாவது கார், மறுபடி முக்கி மூன்றாவது கார். நாலாவது காருக்கு வரும்போது பக்கெட்டில் இருப்பது தண்ணீர் இல்லை, குழம்பு. துணி துணியாக இல்லை, உப்புத்தாள். அதுவும் அதே துணி ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சக்கரத்தைத் துடைத்திருந்தால், பிரேக் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகளும் சேர்த்தி. வெயிலில் நின்று பானெட்டைப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரியும். அது அந்தத் துணி போட்ட கையெழுத்து.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் ஓனர் என்ன செய்வார்? துடைக்கிறவரைக் கூப்பிட்டுத் திட்டுவார். “கோடு கோடா போட்டு வச்சிருக்கியேப்பா, புது வண்டி!” அந்த மாதம் 100 ரூபாய் பிடித்தம். பிறகு டீடெய்லிங் கடைக்குப் போய், பாலிஷ், செராமிக் கோட்டிங் என்று பல ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வருவார். கோட்டிங் போட்ட காரை மறுநாள் காலையில் துடைக்கப் போவது எந்தத் துணி? அதே அப்பளம்தான்.

சில நல்லவர்கள் இருக்கிறார்கள். நல்ல மைக்ரோஃபைபர் துணி ஒன்று வாங்கிக் கொடுத்து, “இதுல என் வண்டிய மட்டும் துடை” என்பார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் துவைக்க இடமில்லாமல் கொடுக்கிற நல்ல துணி, பழைய பனியனைவிட ஆபத்தானது. அந்த மெல்லிய இழைகளின் சிறப்பே தூசியைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வதுதான். நன்றாக அலசி வெளியேற்றாவிட்டால் பிடித்த மணலை அது விடாது. நாலு நாளில் அது துணி இல்லை, அரம்.

தண்ணீர் சிக்கனம் என்ற பெயரில் நடப்பது இன்னொரு கூத்து. 2019-ல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளும் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறக்கவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். அதே வருஷம் மே மாதம் டெல்லியில் குழாய் வைத்துக் கார் கழுவினால் 2,000 ரூபாய் என்றார்கள். சரியான நடவடிக்கைதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த மாதிரி உத்தரவு வந்ததும் ஒரு குடியிருப்பில் என்ன நடக்கும் தெரியுமா? ஓனர் வீட்டு ஷவர் அப்படியே ஓடும். “இனிமே எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரே பக்கெட்தாம்பா” என்று சிக்கனம் முழுக்க அந்த பக்கெட்டின் தலையில் விடியும். துணி அலசுவதற்குத் தண்ணீர் கேட்டால் அவர் தேசத் துரோகி.

அந்த ஒரு பக்கெட் குழம்பும் கடைசியில் எங்கே போகிறது? கேட் பக்கத்தில் சிமெண்ட் சட்டத்தில் ஓட்டை போட்ட மூடி இருக்குமே, அதற்குள். அது என்ன தெரியுமா? மழைநீர் சேகரிப்புக்காகத் தோண்டிய குழி. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம் என்றானபோது அவசர அவசரமாகக் கட்டினோமே, அதேதான். மழைத் தண்ணீரை நிலத்துக்குள் அனுப்பத் தோண்டிய குழியில் எண்ணெயும் டயர் அழுக்கும் சோப்பும் தினமும் இறங்குகின்றன. பக்கத்திலேயே போர்வெல். துடைப்பவரைக் குறை சொல்ல முடியாது. சாக்கடைக் குழாயோடு சேர்ந்த ஓர் இடத்தை நாம் அவருக்குக் காட்டவே இல்லை.

பார்க்கிங்கிலிருந்து மெக்கானிக் கடைக்குப் போனால் கதை இன்னும் மோசம். அங்கே திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வருகிற பனியன் வேஸ்ட் கை துடைக்க இருக்கும். பெரும்பாலும் துடைத்துத் தூக்கிப் போடுவதுதான். ஆனால் கொஞ்சம் பெரிய துணியாகக் கிடைத்தால் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ அலசி, சோப்புத் தூள் போட்டுக் கசக்கி மறுபடி உபயோகிப்பார்கள். மற்ற நேரத்தில் அது பேண்ட்டின் பின் பாக்கெட்டில் சொருகியிருக்கும். பழைய இன்ஜின் ஆயில் தோலுக்குக் கேடு. நாள்கணக்காக, வருஷக்கணக்காகப் பட்டால் தோல் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். எண்ணெய்த் துணியைப் பாக்கெட்டில் வைக்காதீர்கள் என்று பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை தொழிலாளர்களுக்குத் தனியாகவே எச்சரிக்கை சொல்கிறது. அமெரிக்க ஒர்க்‌ஷாப்புகளில் சிவப்புத் துணிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். சலவைக் கம்பெனியின் வண்டி வந்து அழுக்கை எடுத்துக்கொண்டு துவைத்ததைக் கொடுத்துவிட்டுப் போகும். மெக்கானிக் அதை வீட்டுக்குக் கொண்டு போவதில்லை.

நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், பேஷாக இருக்கிறது. 2016-ல் வந்த அபாயகரமான கழிவுகள் விதிகளின் முதல் அட்டவணையைப் புரட்டுங்கள். அழுக்கேறிய பருத்தித் துணிகள், துடைக்கும் பொருட்கள் என்று தெளிவாக ஒரு வகை இருக்கிறது. அபாயகரமான ரசாயனங்களைக் கையாளுகிற தொழிற்சாலையில் துடைத்த துணியைக் கண்ட இடத்தில் போட முடியாது, கணக்கு வைத்து, தனியாக அகற்ற வேண்டும். சட்டத்தின் கண்ணில் அது அபாயம். அதே மாதிரி எண்ணெய்த் துணி ஒரு மெக்கானிக் பையனின் பின் பாக்கெட்டில் வீடு வந்து, பெட்ரோல் வாசனையோடு அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்தால், யார் கணக்கிலும் வராது. துணி ஒன்றுதான். எந்த வாசலில் தொங்குகிறது என்பதை வைத்து அபாயம் குறைந்துவிடுமா?

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றலாம். இது ஒன்றும் பட்ஜெட்டில் துண்டு விழுகிற பிரச்னை இல்லை, அதனால்தான் கோபம். கணக்கைப் பாருங்கள். பதினாறு காருக்கு ஆறு நல்ல துணி போதும். துணி 80 ரூபாய் என்று வைத்தால் 480. நாலு மாதம் உழைத்தால் மாதம் 120 ரூபாய். சோப்புத் தூளுக்கு 100 ரூபாய். மொத்தம் 220. பதினாறால் வகுத்தால் காருக்கு மாதம் 14 ரூபாய்கூட வரவில்லை. ஓர் ஓட்டல் காபிக்கு இதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

இந்த 14 ரூபாயை துடைப்பவரிடம் கொடுத்து, “நீயே பார்த்துக்கோ” என்று கைகழுவுவதையும் நான் ஏற்க மாட்டேன். அப்படிக் கொடுத்தால் துணி மறுபடி அந்த வீட்டு பக்கெட்டுக்குத்தான் போகும். துணி நம்முடையது, நம் பில்டிங்கை விட்டு அது வெளியே போகக் கூடாது. மெயின்டனன்ஸ் பில்லில் லிஃப்ட், ஜெனரேட்டர், செக்யூரிட்டி என்று வரிசையாக இருக்கிறதே, அதன் கீழே ‘கார் துணி, சோப்பு’ என்று ஒரு வரி சேரட்டும். பாடிக்கு ஒரு கலர், சக்கரத்துக்கு ஒரு கலர் என்று வாங்கினால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் குழப்பமில்லை. இன்ஜின் பக்கம் எண்ணெய் துடைக்க வேண்டுமா, பழைய பனியனை எடுங்கள், அதைத் துவைக்கவே வேண்டாம், தனி டப்பாவில் போடுங்கள். துவைப்பதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும் என்றால், அந்த அரை மணிக்கும் கூலி உண்டு. பதினாறு காரைப் பங்கு பிரித்தால் அதுவும் தாங்கக்கூடியதுதான்.

பாக்கி ஒரு குழாய். மோட்டார் ரூம் சுவரில் ஏற்கெனவே லைன் ஓடுகிறது, ஒரு டீ போட்டு எடுக்கலாம். கீழே ஒரு தொட்டி, அதிலிருந்து சாக்கடை சேம்பருக்கு ஒரு பிவிசி பைப். மழைநீர்க் குழிக்கு இல்லை, சேம்பருக்கு. பிளம்பரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். நிழலாகப் பார்த்து ஒரு கொடி, நாலு கிளிப். பிளம்பருக்கு அரை நாள் வேலை. சுவரில் இருக்கிற அந்த போர்டை அதே பிளம்பரே கழற்றிவிடுவார், அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்.